இல்லக் கணினி: சாளரத்துக்கு அன்று, செயலுக்கே அதிகாரம்

சென்ற சில திங்களாக இப்பகுதிக்கு வரும் மடல்களுள் பல ஒரே வினாவைச் சுற்றி நிற்கின்றன. அல்சூரிலிருந்து ஓர் அன்பரும், ஸ்ரீராமபுரத்திலிருந்து ஓர் அம்மையாரும், எலக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரியும் இளைஞர் ஒருவரும் வெவ்வேறு சொற்களில் எழுதியிருப்பினும் கருத்து ஒன்றே. "வீட்டுக் கணினியில் லினக்ஸ் இட்டிருக்கிறோம். சில கோப்புகளைத் திருத்த முயன்றால், உமக்கு அனுமதியில்லை எனத் திரை மறுத்துவிடுகிறது. நிர்வாகியின் உரிமையோடு ஒரு செயலியைத் திறப்பது எவ்வாறு?" என்பதே அவ்வினா. தனித்தனியே விடை எழுதுவதினும் எல்லார்க்கும் பயன்படுமாறு இத்திங்கள் இதனையே விரித்துரைப்பது நலமென எண்ணினோம்.

இவ்வினா இப்பொழுது மிகுந்து வருவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அதற்கடுத்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகளை ஏற்பதில்லை. எஸ்.பி. ரோடு என்று நாமனைவரும் வழங்கும் சதர் பத்ரப்பா சாலையிலே வாங்கிய பழங்கணினியை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. நன்றாக உழைக்கும் கணினியைக் குப்பையில் எறிய மனம் வராத அவர்கள், விலையின்றிக் கிடைக்கும் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றை நாடுவது இயல்பே. நன்முடிவென்றே நாமும் சொல்வோம்.

பெங்களூருக்கு லினக்ஸ் புதிதன்று. 2001ஆம் ஆண்டு 'லினக்ஸ் பெங்களூர்' என்ற பெயரில் தொடங்கிய மாநாடு, 2005 முதல் 'ஃபாஸ் டாட் இன்' என்று பெயர் மாறி, 2012 வரை இந்நகரில் நடைபெற்றது. இங்குள்ள குடிசைப் பகுதியொன்றில் அம்பேத்கர் பெயரால் அமைந்த சமூகக் கணினி மையத்தில், கட்டற்ற மென்பொருள் தொண்டர்கள் பழைய கணினிகளிலே லினக்சை இட்டு, ஏழைச் சிறார்க்கு ஓவியம் தீட்டவும் எழுதவும் கற்பித்தனர். நம் தாயகத்திலோ, சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடியாகக் கொண்டு 'போஸ்' என்னும் இயங்குதளத்தை உருவாக்கி 2007இல் வெளியிட்டனர். தமிழக அரசு 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் கைக்கு வந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு போஸும் இருந்தது. ஆதலின் இஃது ஏதோ வல்லுநர்க்கே உரிய பொருள் என்று எவரும் ஒதுங்க வேண்டுவதில்லை.

நிற்க. வினாவுக்கு வருவோம். நிர்வாகி உரிமையோடு செயலியைத் திறக்க வழியுண்டா என்றால், உண்டு. ஆனால் அவ்வழியை எடுத்த எடுப்பில் கூறிவிட்டால் நன்மையினும் தீமையே மிகும் என்பது நம் கருத்து. இன்று நம் இல்லங்களில் கணினி பொழுதுபோக்குக் கருவி மட்டுமன்று. ஊரிலுள்ள நிலத்தின் பத்திரப் படிகளும், இரு மாநிலத்துப் பள்ளிச் சான்றிதழ்களும், பெரியவரின் ஓய்வூதியத் தாள்களும், திருமணப் படங்களும் அதனுள்தான் இருக்கின்றன. ஒரு தாள் தொலைந்தால் விடுப்பெடுத்து, இரவுப் பேருந்தேறி, சொந்த ஊர் சென்று, அலுவலக வாயிலில் நின்றே மறுபடி பெறவேண்டும் என்னும் நிலையில் வாழ்பவர் நாம். ஆகவே முதலில் அவ்வதிகாரம் யாது, எதன்பொருட்டு மறுக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

லினக்சின் முன்னோடி யூனிக்ஸ் என்னும் இயங்குதளம். அஃது 1969ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வகத்தில் தோன்றியது. பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. ஒருவர் கோப்பை மற்றொருவர் அழித்துவிடலாகாது. எவரும் கணினியின் அடிப்படையைக் குலைத்துவிடவும் கூடாது. ஆகவே ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் குறிக்கப்பட்டார். எல்லாக் கோப்புகளையும் ஆளும் உரிமை 'ரூட்' என்னும் ஒரே கணக்குக்கு வழங்கப்பட்டது. ரூட் என்றால் வேர் என்று பொருள். அக்கணக்குக்குத் தடையென்று ஒன்று இல்லை, 'இதை அழிக்கலாமா?' என்று அதனைக் கேட்பாரும் பெரும்பாலும் இல்லை. 1991இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்சும் இம்முறையையே மேற்கொண்டது.

ஆனால் தொடக்கத்திலேயே ஒரு சிக்கல் எழுந்தது. கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பு ரூட்டுக்கு உரியது. பயனர் ஒருவர் தம் கடவுச்சொல்லை மாற்ற விரும்பினால் அக்கோப்பில் எழுதவேண்டும். அதற்காக அவருக்கு ரூட்டின் முழு அதிகாரத்தையும் கொடுப்பதா? டென்னிஸ் ரிட்சி என்னும் அறிஞர் இதற்கு ஒரு வழி கண்டார். கடவுச்சொல்லை மாற்றும் அந்தச் சிறு நிரல் மட்டும், யார் இயக்கினாலும், ரூட்டின் உரிமையோடு இயங்கட்டும். அது தன் ஒரே பணியை முடித்துவிட்டு நின்றுவிடட்டும் என்றார். 'செட்-யூஐடி' என்று வழங்கும் இம்முறைக்கு 1973இல் விண்ணப்பித்து 1979இல் காப்புரிமை பெறப்பட்டது. பின்னர் அது பொதுமக்கள் பயனுக்கே விடப்பட்டது. ஆளுக்கு அதிகாரம் கொடாமல் குறிப்பிட்ட செயலுக்கு மட்டும் கொடுப்பது என்னும் இக்கருத்தை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம். இனி நாம் சொல்லப்போவன எல்லாம் இதன் விரிவே.

1980ஆம் ஆண்டையொட்டி, நியூயார்க் மாநிலத்துப் பஃபலோவிலுள்ள பல்கலைக்கழகத்தில் பாப் காகெஷால், கிளிஃப் ஸ்பென்சர் என்னும் இருவர் 'சூடோ' என்ற கட்டளையை இயற்றினர். எஸ், யூ, டி, ஓ என்னும் நான்கெழுத்து அது. அனுமதி பெற்ற பயனர் ஒருவர் தம் கட்டளைக்கு முன்னே இச்சொல்லை இட்டால், அந்த ஒரு கட்டளை மட்டும் ரூட்டின் உரிமையோடு நிறைவேறும். கேட்கப்படுவது ரூட்டின் கடவுச்சொல் அன்று. பயனரின் சொந்தக் கடவுச்சொல்லே. யார் எப்பொழுது எதனைச் செய்தார் என்பதும் பதிவேட்டில் ஏறிவிடும். 2004ஆம் ஆண்டு அக்டோபரில் உபுண்டு முதன்முதலாக வெளிவந்தபோது, ரூட் கணக்கை அடியோடு பூட்டிவைத்து, கணினியை நிறுவிய முதற்பயனர்க்குச் சூடோ உரிமையை மட்டும் அளித்தது. லினக்ஸ் மின்ட்டும் அவ்வழியே நிற்கிறது.

"அப்படியானால் சூடோ என்று தட்டி, அதன்பின் செயலியின் பெயரை எழுதினால் சாளரம் திறந்துவிடுமே, இதில் என்ன இடர்?" என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கட்டளை வேறு, சாளரம் வேறு என்பதை அறிந்தால் இடர் விளங்கும்.

கட்டளை என்பது ஒரு வேலையைச் செய்துவிட்டு உடனே முடிந்துவிடும். சாளரமோ அவ்வாறன்று. எழுத்துத் திருத்தி ஒன்றைத் திறந்தால், அதனோடு எழுத்துருக்களைத் தீட்டும் பகுதி, படங்களைக் காட்டும் பகுதி, அச்சுக்கு அனுப்பும் பகுதி, பிறர் எழுதிய துணை நிரல்கள் என ஒரு கூட்டமே உடன் வருகிறது. நாம் கேட்டது ஒரு வரியைத் திருத்தும் உரிமை. கொடுத்ததோ இக்கூட்டம் முழுமைக்கும் வீட்டின் தலைச்சாவி. நாம் தேநீர் அருந்த எழுந்து செல்லும்போதும் அச்சாளரம் திறந்தபடியே இருக்கும். குழந்தை வந்து இரண்டு முறை சொடுக்கினால் போதும். கணினியின் உயிர்நாடியான அடைவு மறைந்துபோகலாம்.

மற்றொன்றும் உண்டு. லினக்சில் நெடுங்காலமாகத் திரையை ஆண்டுவந்தது 1984இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்த 'எக்ஸ்' என்னும் சாளர முறை. அதன்கீழ் ஒரே திரையிலுள்ள சாளரங்களுக்கிடையே சுவர் கிடையாது. ஒரு சாளரத்திலே தட்டும் எழுத்துகளை மற்றொன்று ஒட்டுக்கேட்கலாம்; போலி விசைகளை அனுப்பவும் செய்யலாம். ரூட்டின் உரிமையோடு ஒரு சாளரம் திறந்திருக்க, தீய நிரலொன்று சாதாரண உரிமையோடு பக்கத்திலிருந்தால், அதுவே முன்னதன் கையைப் பிடித்து எழுதுவித்துவிடும். 2017 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 17.10, 'வேலண்ட்' என்னும் புதுமுறையை இயல்பாகக் கொண்டது இக்குறையை நீக்கும் பொருட்டும்தான். அப்போது வட்டுப் பிரிக்கும் 'ஜிபார்ட்டெட்', மென்பொருள் நிறுவும் 'சினாப்டிக்' முதலியன ரூட்டின் உரிமையோடு திறக்க மறுத்தன. பலர் பழுதென்று சினந்தனர். ஆயினும் அது பழுதன்று; கதவு போடப்பட்டதன் அடையாளம்.

இவை யாவும் தொலைவிலுள்ள ஆபத்துகள் என்று கருதுவோர்க்கு, நம் இல்லங்களிலே அன்றாடம் நேர்வதொன்றைச் சொல்வோம். ரூட்டாகத் திறந்த சாளரம் தன் அமைப்புகளைச் சேமிக்கும்போது, சில வேளைகளில் அவற்றை நம் வீட்டு அடைவிலேயே எழுதிவிடுகிறது. எழுதியவர் ரூட் ஆதலின் அக்கோப்புகளின் உரிமையாளரும் ரூட்டே. மறுநாள் நாம் கணினியை இயக்கிக் கடவுச்சொல்லைப் பிழையின்றி இடுகிறோம். திரை ஒருமுறை மின்னி மறைகிறது. மீண்டும் கடவுச்சொல்லே கேட்கிறது. எத்தனை முறை முயன்றாலும் இதுவே கதி. நம் வீட்டு அலமாரியிலே பிறர் பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியோடு போனாற்போன்ற நிலை இது. உபுண்டு 19.10இலிருந்து சூடோ தன் கோப்புகளை ரூட்டின் அடைவிலேயே வைக்குமாறு மாற்றப்பட்டதால் இத்தொல்லை குறைந்திருக்கிறது. எனினும் பழைய பதிப்புகளிலும், பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்வோரிடத்தும் இன்றும் காண்கிறோம்.

இதிலே வருந்தத்தக்கது யாதெனில், விவரமறியாதவர் சிலர் இக்கணினியைப் பார்த்தவுடன், "எல்லாம் போயிற்று; முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவவேண்டும்" என்று சொல்லிவிடுவதே. அதை நம்பிப் பத்தாண்டுப் படங்களை இழந்த குடும்பங்கள் உள. உண்மையில் எதுவும் போகவில்லை. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் எழுத்துகள் மட்டுமுள்ள கரிய திரை தோன்றும். அங்கே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இடுக. கடவுச்சொல் தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, அஞ்ச வேண்டுவதில்லை. பின்னர்ச் சூடோ என்று எழுதி, இடைவெளி விட்டு, உரிமை மாற்றும் கட்டளையாகிய 'சௌன்' என்பதை எழுதுக. அது சி, எச், ஓ, டபிள்யூ, என் என்னும் ஐந்தெழுத்து. மீண்டும் இடைவெளி விட்டுத் தம் பயனர் பெயரையும், அதன்பின் இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரையும் எழுதவேண்டும். பெரும்பாலும் சிக்கல் தரும் கோப்பு 'எக்ஸ்அதாரிட்டி' என்பது. முதலில் ஒரு புள்ளி, அடுத்துப் பெரிய எக்ஸ் எழுத்து, தொடர்ந்து சிற்றெழுத்துகளில் 'அதாரிட்டி' என்னும் ஆங்கிலச் சொல், இடையில் இடைவெளி இன்றி. இதனை முடித்துக் கணினியை மறுபடி இயக்கினால் பழையபடி உள்ளே செல்லலாம். வட்டு முழுதும் நிரம்பிவிட்டாலும் இதே குறி தோன்றும் என்பதையும் நினைவிற் கொள்க. எவ்வாறாயினும், படங்களைப் பிறிதொரு வட்டில் படியெடுக்குமுன் எவரையும் எதையும் அழிக்க விடாதீர்கள்.

இனி நேர்வழி யாது என்று காண்போம். முற்காலத்தில் க்னோம் திரையுடையார் 'ஜிகேசூடோ' என்ற கட்டளையைப் பயன்படுத்தினர். பழைய நூல்களிலும் குறிப்புகளிலும் இதனையே இன்றும் காணலாம். ஆனால் 2018இல் டெபியனிலிருந்து அது நீக்கப்பட்டது. அவ்வாண்டு வந்த உபுண்டு 18.04இலும் அஃது இல்லை. இப்பொழுது தட்டினால், அத்தகைய கட்டளை இல்லை என்ற விடையே கிடைக்கும். கணினி கெட்டுவிட்டதென்று எண்ணற்க. காலம் மாறிவிட்டது, அவ்வளவே.

அதன் இடத்தை நிரப்பியது 'போல்கிட்' என்னும் ஏற்பாடு. இதனை விளக்கச் சார்பதிவாளர் அலுவலகத்தை நினைத்துக்கொண்டால் போதும். நாம் ஒரு பத்திரத்தை வெளியே அமர்ந்து எழுதுவிக்கிறோம்; படித்துப் பார்க்கிறோம்; பிழையிருந்தால் திருத்துகிறோம். எழுதி முடித்தபின் அலுவலர் முன்னே வைக்கிறோம். அவர் நாம் இன்னார் என்று உறுதி செய்துகொண்டு தம் ஏட்டிலே பதிகிறார். பத்திரம் பதியவேண்டும் என்பதற்காக நாம் அவர் நாற்காலியில் அமர்வதில்லை. ஏட்டறையின் சாவியும் நம் கைக்கு வருவதில்லை. போல்கிட்டும் இவ்வாறே இயங்குகிறது. சாளரம் நம் சாதாரண உரிமையோடே திறந்திருக்கும். நேர மண்டலத்தை மாற்றவோ, புதுப் பயனரைச் சேர்க்கவோ, மென்பொருளை நிறுவவோ நாம் முற்படும்போது, பின்னணியிலுள்ள சிறு சேவையொன்றுக்கு விண்ணப்பம் செல்கிறது. இன்ன செயலை இன்னார் செய்யலாம் என்ற விதியைப் போல்கிட் பார்க்கிறது. வேண்டுமாயின் கடவுச்சொல் கேட்கிறது. அச்செயல் ஒன்றே நிறைவேறுகிறது. சாளரத்துக்கு எந்த அதிகாரமும் சேர்வதில்லை.

நம் அன்பர்கள் கேட்ட கோப்புத் திருத்தத்துக்கும் இம்முறை உண்டு. கேடிஇ திரையிலுள்ள 'கேட்' என்னும் எழுத்துத் திருத்தி, 2017 முதல் சூடோவோடு திறக்க மறுக்கிறது. மாறாக, அதனைச் சாதாரணமாகத் திறந்து திருத்திச் சேமிக்கும்போது மட்டும் கடவுச்சொல் கேட்கும். உபுண்டுவின் கோப்பு மேலாளரில் முகவரிப் பட்டையிலே 'அட்மின்' என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளியும் மூன்று சாய்கோடுகளும் இட்டால், கடவுச்சொல் பெற்றுக்கொண்டு பாதுகாக்கப்பட்ட அடைவுகளைத் திறந்துகாட்டும். சாளரம் நம்முடையதாகவே இருக்கும். முனையத்திலே பழகியவர்க்குச் 'சூடோஎடிட்' மிக நன்று. அது கோப்பின் படியொன்றை நம்மிடம் தந்து, நம் உரிமையோடு திருத்தவிட்டு, முடிந்தபின் மூலத்தில் எழுதிவைக்கிறது. பத்திரத்தை வெளியே எழுதி உள்ளே பதிவதற்கு இதனினும் ஒத்த காட்டு இல்லை.

லினக்ஸ் மின்ட்டின் கோப்பு மேலாளரில் வலச்சொடுக்கினால் 'ரூட்டாகத் திற' என்ற பொருள்படும் ஒரு வரி காணப்படும். இது சாளரம் முழுமைக்கும் அதிகாரம் தரும் பழைய முறையே. ஆயினும் மேலே சிவப்புப் பட்டை ஒன்று தோன்றி நம்மை எச்சரித்துக்கொண்டிருக்கும். பட்டை தெரியும்வரை வேறு பணி பாராமல், வந்த வேலையை முடித்து உடனே மூடிவிடுக. ஜிபார்ட்டெட் போன்ற சிலவற்றுக்கு முழு அதிகாரம் வேண்டியே இருக்கிறது. அவை 'பிகேஎக்செக்' என்னும் கட்டளை வழியாகத் திறக்கின்றன. பொதுவாக அக்கட்டளை சாளரங்களைத் திறக்க இடங்கொடாது. இன்ன செயலிக்கு மட்டும் விலக்கு என்று விதியேட்டிலே எழுதியிருந்தாலே கொடுக்கும். செயலிப் பட்டியலிலுள்ள படத்தைச் சொடுக்கினால் இவை யாவும் தாமே நடைபெறும். ஆகவே அத்தகையவற்றைப் படத்தைச் சொடுக்கியே திறக்க. கட்டளை தட்டித் திறக்க முயலவேண்டா.

இவ்வளவு கூறியபின், காவலனே குற்றமிழைத்த ஒரு நிகழ்ச்சியையும் மறைக்காமல் சொல்வது கடமை. 2022ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், குவாலிஸ் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தார் மேற்சொன்ன பிகேஎக்செக்கில் ஒரு பெரும்பிழையை வெளியிட்டனர். எந்த நிரலும் தொடங்கும்போது அதற்கு ஒரு பட்டியல் கொடுக்கப்படுகிறது. அதன் முதல் இடத்தில் நிரலின் பெயரே இருக்கும். பிகேஎக்செக் அப்பட்டியலில் ஒன்றேனும் இருக்கும் என்று நம்பியிருந்தது. வேண்டுமென்றே ஒருவர் வெறும் பட்டியலைக் கொடுத்தால், அது எல்லை கடந்து பக்கத்திலிருந்த நினைவகத்தைப் படித்தும் எழுதியும் ஏமாந்தது. அக்கணினியில் எளிய கணக்கு வைத்திருந்த எவரும், கடவுச்சொல் இன்றியே ரூட்டாகிவிட முடிந்தது. அப்பிழை 2009 மே மாதம் அக்கட்டளை பிறந்த நாள்தொட்டே இருந்துவந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக எவர் கண்ணிலும் படவில்லை. இதற்கு ஓராண்டு முன்பு, 2021 சனவரியில், 2011 முதல் சூடோவில் மறைந்திருந்த பிழையொன்றையும் அந்நிறுவனத்தாரே கண்டனர். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

இதனால் நாம் இம்முறைகளை வெறுக்க வேண்டுமா? வேண்டுவதில்லை. பிழை வெளியானவுடனேயே திருத்தமும் வெளியாகிவிட்டது. மேம்படுத்தலை உடனே ஏற்ற கணினிகள் பிழைத்தன. மாதக்கணக்கில் மேம்படுத்தாத கணினிகளே திறந்த வீடாக நின்றன. சூடோவின் பணியைப் பழுது குறைந்த 'ரஸ்ட்' மொழியிலே எழுதிய 'சூடோ-ஆர்எஸ்' 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10இல் இயல்பாக இடம்பெற்றிருப்பதும் இத்தகைய பிழைகளைக் குறைக்கும் முயற்சியே. கற்றறிந்தோர் பலர் கூடி ஆக்கிய காவலிலும் ஓட்டை உண்டென்றால், நாம் நம் கையாலே கதவைத் திறந்துவைப்பது எத்துணைப் பிழை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேம்படுத்தல் என்றதும் மற்றொரு குறை நினைவுக்கு வருகிறது. கடைக்காரர் கணினியில் லினக்சை நிறுவித் தருகிறார். கடவுச்சொல்லை அவரே வைக்கிறார். தானே உள்ளே நுழையுமாறு அமைத்துவிடுவதால் வீட்டாருக்கு அது தேவைப்படுவதே இல்லை. ஓராண்டு கழித்து ஒரு செயலியை நிறுவ முயலும்போதுதான், தம் கணினியின் திறவுகோல் பிறர் கையில் இருப்பது தெரிகிறது. வாடகை வீட்டுக்குக் குடிவந்தால் முதல் வேலையாகப் பூட்டை மாற்றும் நாம், இதில் மட்டும் ஏன் அசட்டையாக இருக்கிறோம்? கணினியை வாங்கும்போதே கடைக்காரர் முன்னிலையில் கடவுச்சொல்லை மாற்றிப் பெறுக. அதனைக் கணவன் மனைவி இருவரும் அறிந்திருக்க வேண்டும். தந்தையார் ஊருக்குப் போயிருக்கும் வேளையிலேதான் பிள்ளையின் தேர்வு விண்ணப்பத்துக்கு அச்சுப்பொறி வேலை செய்ய மறுக்கும்! ஒரு தாளில் எழுதிப் பத்திரங்களோடு பெட்டியில் வைப்பதும் தவறன்று. மறந்துவிட்டாலும், கணினியை மீட்பு முறையில் தொடங்கிப் புதுக் கடவுச்சொல் வைக்க வழியுண்டு. ஆனால் வட்டு முழுவதும் மறைகுறியாக்கப்பட்டிருப்பின், அதற்குரிய சொல்லை மறந்தவர்க்கு மீட்சி இல்லை.

பிள்ளைகளுக்கு அதிகாரம் கொடுப்பதா என்றும் சிலர் கேட்டுள்ளனர். அமைப்புகளில் பயனர் பகுதிக்குச் சென்றால் நிர்வாகி, இயல்பான பயனர் என இருவகைக் கணக்குகள் உள. பெரியவர் ஒருவர் அல்லது இருவர் நிர்வாகியாகவும், ஏனையோர் இயல்பான பயனராகவும் இருப்பது நன்று. இயல்பான பயனர் சூடோவைத் தட்டினால் அது மறுத்துவிடும். ஆனால் போல்கிட் வழிச் செல்லும் செயல்களில் ஒரு நன்மை உண்டு. பிள்ளையின் திரையிலேயே நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கப்படும். தாயோ தந்தையோ வந்து தம் சொல்லை இட்டு, அந்த ஒரு செயலை மட்டும் அனுமதித்துவிட்டுச் செல்லலாம். பிள்ளைக்குக் கடவுச்சொல்லைச் சொல்லவும் வேண்டா. அவன் ஆர்வத்துக்குத் தடை போடவும் வேண்டா. கணினியியல் பயிலும் மாணவராயின், தனியே ஒரு பழங்கணினியைக் கொடுத்து, அதில் அவர் விரும்பியபடி ரூட்டாக இருந்து கெடுத்தும் திருத்தியும் கற்க விடுவதே சிறந்தது. குடும்பத்தின் பத்திரங்கள் உறங்கும் கணினி பயிற்சிக் களம் ஆகலாகாது.

இறுதியாக, வாசகர் கைக்கொள்ள வேண்டியவற்றைத் தொகுத்துரைப்போம். கடவுச்சொல் கேட்கும் பெட்டி தோன்றினால், நாம் இப்பொழுது செய்த எச்செயலுக்காக இது கேட்கிறது என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்க. நாம் எதுவும் செய்யாதபோது தோன்றினால் மறுத்துவிடுக. உலாவி, அலுவலகச் செயலி, படம் பார்க்கும் செயலி ஆகியவற்றை எக்காரணங்கொண்டும் ரூட்டாகத் திறவாதீர்கள். தொலைபேசியிலே அறிமுகமற்ற ஒருவர் சூடோவில் தொடங்கும் ஒரு வரியைச் சொல்லித் தட்டச் சொன்னால் இணைப்பைத் துண்டித்துவிடுக. கோப்பைத் திருத்துமுன் அதற்கொரு படி எடுத்து வைக்க. வாரம் ஒருமுறையேனும் மேம்படுத்தல்களை ஏற்க. ஒரு செயலி உரிமையில்லை என்று மறுத்தால், உரிமையைக் கூட்டுமுன், அக்கோப்பு நம் வீட்டு அடைவிலுள்ளதா, கணினியின் அடைவிலுள்ளதா என்று பார்க்க. வீட்டு அடைவிலிருந்தும் மறுத்தால், எப்பொழுதோ யாரோ சூடோவைத் தகாத இடத்தில் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். அப்பொழுது வேண்டுவது மேலும் அதிகாரம் அன்று, உரிமையாளர் பெயரைத் திருத்துவதே.

அன்பர்கள் இவற்றைச் செய்து பார்த்து, எங்கேனும் தடை நேர்ந்தால் எந்தப் பதிப்பு, திரையில் தோன்றிய சொற்கள் யாவை என்பவற்றை அப்படியே குறித்து எழுதுக. கடவுச்சொல்லை மட்டும் நமக்கும் எழுதவேண்டா. படங்களையும் ஆவணங்களையும் குறைந்த செலவிலே இரண்டாம் வட்டில் படியெடுத்துக் காக்கும் முறைபற்றி அடுத்த திங்கள் எழுதுவோம்.